மணல் பையை இன்றே இறக்கி வையுங்கள்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 19. எடை 58 கிலோ. பரதராமி பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய கிராமம். ராணுவத்தில் அக்னிவீர் தேர்வில் தேறிவிட்டேன். இன்னும் பத்து வாரத்தில் நீலகிரி வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர வேண்டும். தாய்மாமா ஓய்வுபெற்ற ஹவில்தார். ரூட் மார்ச், ஸ்பீட் மார்ச், பிட்டு, ரகடா என்று சொல்லிச் சொல்லிப் பயமுறுத்துகிறார். கைப்பேசியில் தேடினால் ரக், டாப், யாம்ப் என்று வேறு பெயர்கள் வருகின்றன. எல்லாம் ஒன்றுதானா? பழகிக்கொள்வதற்காகத் தினமும் விடியற்காலையில் பள்ளிப் பையில் 20 கிலோ மணல் கட்டிக்கொண்டு தார்ச்சாலையில் 10 கி.மீ. போகிறேன். பாதித் தூரம் ஓட்டம். மூன்று வாரமாக வலது காலின் முன்பக்க எலும்பு வலிக்கிறது. மருந்துக்கடை மாத்திரை போட்டால் குறைகிறது. பழகினால் சரியாகும் என்கிறார் மாமா. பயிற்சியில் வலிக்கிறது என்று சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட வேண்டும் என்பது உண்மையா?

பதில்: தம்பி, முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதைக் கடிதத்தின் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். பெயர்களைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த வலது கால். இன்றிலிருந்து மணல் பையும் கிடையாது, ஓட்டமும் கிடையாது. மாத்திரையையும் நிறுத்துங்கள். வலி எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால்தான் மேற்கொண்டு பேச முடியும்.

இரண்டு நாள் கழித்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே முன்புறம் தட்டுப்படும் எலும்பின் உள்விளிம்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலிக்கிறதா? நடக்கத் தொடங்கும்போது கடுத்து, உடம்பு சூடானதும் தணிகிறதா? அப்படியானால் அது பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதில் ஒட்டிய தசையும் சலித்துப்போனதால் வருவது. எங்கள் மருத்துவத் தொழிலில் ஷின் ஸ்பிளின்ட் என்போம். சில வாரம் சுமையும் ஓட்டமும் இல்லாமல் இருந்தால் அநேகமாக அடங்கிவிடும். ஒரு ரூபாய் நாணயம் அளவுள்ள ஒரே இடத்தில் விரல் பட்டதும் உயிர் போகிறது, நடக்க நடக்க வலி ஏறுகிறது, இரவில் படுத்த பிறகும் விண்விண் என்று தெறிக்கிறது என்றால் கதை வேறு. எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழுந்திருக்கலாம். அந்தக் காலை ஊன்றிக் குதித்துப் பார்க்கிறேன் என்று கிளம்பாதீர்கள். அதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

குடியாத்தம் அரசு மருத்துவமனையோ சித்தூரோ, எது உங்களுக்குப் பக்கமோ அங்கே ஓர் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே போங்கள். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இத்தகைய விரிசல் முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு எக்ஸ்ரேயில் தெரியாமலே இருக்கலாம். படம் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டதும் மறுநாளே பையைத் தூக்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். படம் நன்றாக இருந்து வலி ஒரே இடத்தில் நின்றால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். முடியாவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே. அதுவரை அந்தக் காலுக்கு ஓய்வு.

இந்த நோயைக் கண்டுபிடித்தவர்களே படை மருத்துவர்கள்தான். 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நீண்ட நடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை எழுதிவைத்தார். எலும்புக்குள் நடப்பதைப் பார்க்க அன்று வழியில்லை. எக்ஸ்ரே வந்த பிறகு, 1897இல், ஸ்டெஷோவ் என்ற மருத்துவர் அப்படிப்பட்ட பாதங்களில் எலும்பு உடைந்திருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். பாதத்தின் நடு எலும்புகளில் வரும் இந்த விரிசலுக்கு இன்றும் மார்ச் முறிவு என்றே பெயர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதத்திலும் காலின் முன்பக்க எலும்பிலும்தான் இது அதிகம் வருகிறது.

புதுப் பயிற்சி தொடங்கிய மூன்றாவது வார வாக்கில் இது ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் மாமாவின் ‘பழகினால் சரியாகும்’ இங்கேதான் வழுக்குகிறது. மூச்சு சில வாரங்களில் பழகும். தசையும் ஓரளவு சீக்கிரம் பழகும். எலும்பு பழகும் விதம் வேறு. பழைய ஓட்டைப் பிரித்துவிட்டுப் புது ஓடு வேய்வதுபோல, புதிய சுமை ஏறியதும் எலும்பு முதலில் தன் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் புதியதைக் கட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி. மூச்சு வாங்காமல் ஓட முடிகிறதே என்று நீங்கள் தெம்பாக இருக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில்தான் எலும்பு இருப்பதிலேயே பலவீனமாக இருக்கும். அந்த நேரத்தில் சுமையைக் குறைத்தால் பழகும். ஏற்றினால் உடையும்.

இனிப் பெயர்கள். மாமா சொன்னவையும் கைப்பேசியில் கிடைத்தவையும் வெவ்வேறு படைகளின் பேச்சுவழக்கு. ரூட் மார்ச் என்பது பழைய பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்த சொல்: ஒரு குறித்த பாதையில், அணியாக, சுமையோடு நீண்ட தூரம் நடப்பது. பரேடு மைதானத்து நடைபோலக் காலை ஓங்கி அடிக்க வேண்டியதில்லை. அணி குலையாமல் போனால் போதும். அதையே நேரக்கணக்கு வைத்து, வேக நடையும் மெதுவான ஓட்டமுமாகக் கலந்து முடித்தால் ஸ்பீட் மார்ச். ரக் என்பது அமெரிக்கப் படையில் முதுகுப் பையின் பெயர், அதைச் சுமந்து நடப்பதற்கும் அதுவே பெயராகிவிட்டது. அங்கே மரைன் படையினர் மட்டும் அதை ஹம்ப் என்பார்கள். டாப் பிரிட்டனின் பாராசூட் படையும் தரைப்படையும் சொல்வது. யாம்ப் பிரிட்டனின் ராயல் மரைன்கள் சொல்வது. இரண்டு படையினரிடமும் சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டால் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

பிட்டு நம் படையின் இந்திச் சொல், முதுகுப் பை. தண்டனையாக அதை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்ற வைத்தால் பிட்டு பரேடு. ரகடா என்றால் உடம்பைத் தேய்த்து எடுக்கும் தண்டனைப் பயிற்சி. ஆக, மாமாவின் நான்கு சொற்களில் இரண்டு பயிற்சி, ஒன்று பை, ஒன்று தண்டனை. நான்கையும் ஒரே குரலில் சொல்லியிருப்பார். கேட்ட உங்களுக்கு நான்கும் ஒரே பூதமாகத் தெரிந்திருக்கிறது.

இந்தச் சொற்களோடு ஒட்டிவரும் மிரட்டலை உரித்துவிட்டால் உள்ளே இருப்பவை மூன்று எண்கள்: எவ்வளவு தூரம், எவ்வளவு சுமை, எவ்வளவு நேரம். யார் எந்தப் பெயரைச் சொன்னாலும் இந்த மூன்றையும் கேளுங்கள். நெதர்லாந்தின் நெய்மேகன் நகரில் 1909 முதல் நான்கு நாள் நடை நடந்துவருகிறது. அதில் பங்கேற்கும் படையினர் நாளுக்கு 40 கி.மீ. நடக்கிறார்கள், முதுகில் 10 கிலோ. அமெரிக்கப் படையின் களமருத்துவப் பதக்கத் தேர்வில் 12 மைல், அதாவது 19 கி.மீ. சொச்சம், மூன்று மணி நேரத்துக்குள், சுமை 16 கிலோ. ராயல் மரைன் கமாண்டோ பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் டார்ட்மூர் மேட்டுநிலத்தின் குறுக்கே 30 மைல், எட்டு மணி நேரம், சுமை 32 பவுண்டு. நம் கணக்கில் பதினான்கரை கிலோ.

இப்போது உங்கள் கணக்கைப் போடுவோம். 58 கிலோ எடையில் 20 கிலோ என்பது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். தார்ச்சாலை. தினமும். பாதி ஓட்டம். பல மாதம் பக்குவப்படுத்தப்பட்ட ஒரு கமாண்டோ வீரன் கடைசித் தேர்வில் சுமப்பதைவிட ஐந்தரை கிலோ அதிகமாக, முதல் வாரத்திலேயே, பள்ளிப் பையில் தூக்கியிருக்கிறீர்கள். உங்களை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. சொற்கள் செய்ய வைத்தன.

இதைவிடப் பெரிய எண்களும் உண்டு, அவை போர்க்கணக்கு. 1982 ஃபாக்லாந்து போரில் ராயல் மரைன்கள் 80 பவுண்டு சுமையோடு மூன்று நாளில் 56 மைல் நடந்தார்கள். யாம்ப் என்ற சொல் உலகத்துக்குத் தெரிந்ததே அப்போதுதான். ரோமானியப் படையில் கோடைக்கால ஐந்து மணி நேரத்தில் இருபது ரோமன் மைல் நடக்கப் பழக்க வேண்டும் என்று பழைய ரோமானிய எழுத்தாளர் வெஜிஷியஸ் எழுதினார். ஏறக்குறைய 30 கி.மீ. மூட்டை முடிச்சுகளைத் தாங்களே சுமந்ததால் அந்த வீரர்களுக்கு, மாரியஸ் என்ற தளபதியின் பெயரால், மாரியஸின் கோவேறு கழுதைகள் என்று பட்டப்பெயர். நம் பக்கத்துப் படைகள் அவ்வளவு முட்டாள்தனம் செய்யவில்லை. 1791 பிப்ரவரியில், திப்புவின் மீது படையெடுத்த ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸ் வேலூரிலிருந்து ஆம்பூர் வழியாகப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டு, வடக்கே திரும்பிச் சித்தூர் பக்கமாக மொகிலிக் கணவாய் ஏறி மைசூர் மேட்டுநிலத்தை அடைந்தார். பலமனேர் போகும் பஸ்ஸில் நீங்கள் ஏறியிறங்கும் அதே மொகிலி மலைப்பாதைதான். அக்காலப் படைகளின் சுமை பெரும்பாலும் காளைகளின் முதுகில்தான் போயிற்று. போரில் செய்ததைச் சொல்லிப் பயிற்சிக்குச் சேரப்போகிறவனைத் தயார்ப்படுத்துவது சரியல்ல என்பது என் கருத்து. அந்த 56 மைல் நடந்தவர்கள் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நடந்தவர்கள்.

தண்டனைப் பயிற்சியைப் பற்றி ஒரு வார்த்தை. 1956 ஏப்ரல் 8ஆம் தேதி இரவில், அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் பயிற்சி மையத்தில் ஒரு பயிற்றுநர், ஒழுங்கு கற்றுக்கொடுப்பதற்காகத் தன் அணியைச் சதுப்புநில ஓடைக்குள் நடத்திச் சென்றார். ஆறு பேர் மூழ்கி இறந்தார்கள். அதன் பிறகு அங்கே பயிற்றுநர்கள் மீதான மேற்பார்வை கடுமையாக்கப்பட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கண்டிப்பும் கண்மூடித்தனமும் வேறுவேறு என்பது படைகளுக்கே தெரியும். உங்கள் உஸ்தாத்துகளில், அதாவது பயிற்றுநர்களில், பெரும்பாலோருக்கும் தெரியும்.

பயிற்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். அணிநடைக்கு ஓர் அளவு உண்டு: நிமிடத்துக்கு 120 காலடி, ஒரு காலடி 30 அங்குலம். கணக்குப் போட்டால் மணிக்கு ஐந்தரை கி.மீ. நெட்டையானவனுக்கு இது சாதாரணம். குட்டையானவன் ஒவ்வோர் அடியையும் இழுத்துப் போட வேண்டும், குதிகால் ஓங்கி இடிக்கும். அணியின் வாலில் இருப்பவன் நிலை இன்னும் மோசம், முன்னால் சற்றே தயங்கினாலும் பின்னால் ஓடிப் பிடிக்க வேண்டியிருக்கும். 1990களில் ஆஸ்திரேலியப் படையில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இடுப்பெலும்பில் விரிசல் விழுவது அதிகமாக இருந்தது. நடை வேகத்தை மணிக்கு ஏழரையிலிருந்து ஐந்து கி.மீ. ஆகக் குறைத்து, ஒரே தாளத்தில் காலடி வைக்க வேண்டியதில்லை, அவரவர் அடியை அவரவர் வைக்கலாம் என்று விட்டு, நடையை மென்மையான தரைக்கு மாற்றியதும் அது பெருமளவு குறைந்துபோயிற்று. நீண்ட நடையில் அணி தளர்ந்து நடக்க அனுமதி கிடைத்தால், தாராளமாக உங்கள் சொந்த அடியை வையுங்கள். காலடி ஒன்றாக விழுவதில் ஆபத்து எலும்புக்கு மட்டுமில்லை. 1831இல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலம் 74 வீரர்கள் ஒரே தாளத்தில் நடந்துபோனபோது இடிந்து விழுந்தது. பாலத்தில் தாளத்தைக் குலைத்து நடக்கச் சொல்லும் கட்டளை அதிலிருந்து நிலைத்தது.

இனி உங்கள் பத்து வாரம். மருத்துவர் விரிசல் இல்லை என்று சொல்லியிருந்தால் மட்டும் இதைப் படியுங்கள். இருக்கிறது என்றால் அவர் சொல்வதுதான் திட்டம். சேரும் தேதியைப் பற்றி ஆள்சேர்ப்பு அலுவலகத்திடம், மருத்துவச் சான்றோடு, முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

தட்டை நிலத்தில் அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடியும்வரை சுமையே வேண்டாம். மூச்சுக்காகச் சைக்கிள் மிதியுங்கள், கிணற்றிலோ ஏரியிலோ நீந்தத் தெரிந்தால் நீந்துங்கள். வலி விட்டதும் வாரம் மூன்று நாள் வெறும் நடை, தார்ச்சாலையை விட்டு மாந்தோப்பு மண்பாதையில். குடியாத்தம்–சித்தூர் சாலையில் விடியற்காலையில் மாங்காய் லாரிகள் போகும் வேகத்தைப் பார்த்தால் இதை நான் சொல்லவே வேண்டியதில்லை. காட்டோரமாகவும் போகாதீர்கள். கௌண்டன்யா சரணாலயத்து யானைகள் வெளிச்சம் வரும் முன் எந்தத் தோப்பில் நிற்கும் என்று உங்கள் ஊர்க்காரர்களைக் கேளுங்கள்.

அதற்கடுத்து வாரத்தில் ஒரே ஒரு நாள் சுமை நடை. ஆறு கிலோவில் தொடங்குங்கள், உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கு. சுமை, தூரம், வேகம் மூன்றில் ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டலாம். சேரும் நாளுக்குள் 12 கிலோவோடு எட்டு கி.மீ. சுகமாக நடக்க முடிந்தால் தாராளம். சுமையோடு ஓடவே வேண்டாம், அதைக் கற்றுக்கொடுக்க அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். மற்ற நாட்களில் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகால் தூக்கி இறக்குவது, உட்கார்ந்து எழுவது, முதுகுத் தசைப் பயிற்சி. வெலிங்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, எங்கு பார்த்தாலும் சரிவு. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முழங்காலும் காலின் முன்பக்க எலும்பும் அடி வாங்கும். ஊரில் ஏதாவது குன்றுக் கோயில் படிகளில் மெதுவாக இறங்கிப் பழகுவது நல்லது. ஏறுவதில் காட்டும் அக்கறையை இறங்குவதில் யாரும் காட்டுவதில்லை.

பள்ளிப் பை வேண்டாம். மணல் அடியில் போய்த் தேங்கும், பை இடுப்புக்குக் கீழே தொங்கித் தோள்பட்டையைப் பின்னால் இழுக்கும். பட்டை அழுத்தும் இடத்தில் நரம்பு நசுங்கிக் கை மரத்துப்போனவர்கள் உண்டு. இடுப்புப் பட்டி உள்ள பை வாங்குங்கள். அரிசியை உறையில் இறுக்கிக் கட்டி, முதுகை ஒட்டி, தோள்பட்டை உயரத்தில் வரும்படி வையுங்கள். கனமான காலணியும் வேண்டாம். காலில் கட்டிய ஒரு கிலோ, முதுகில் வைத்த ஒரு கிலோவைப்போல் நான்கைந்து மடங்கு சக்தியை உறிஞ்சும்.

சாப்பாட்டில் எனக்குக் கவலை இல்லை. நீங்கள் களி என்றும் பக்கத்து வீட்டில் ராகி சங்கட்டி என்றும் சொல்லும் அந்த உருண்டையை விடாதீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. பாலோ மோரோ முட்டையோ சேரட்டும். தோழர்கள் யாராவது எடை கூட்டும் ஊசி, சக்தி ஊசி என்று ஏதாவது சொன்னால் அந்தப் பக்கமே திரும்பாதீர்கள்.

வெயிலைப் பற்றித்தான் நான் உண்மையில் பயப்படுகிறேன், காலைப் பற்றி அல்ல. கால் உடைந்தால் சேரும். 2006இல் நெய்மேகனில் முதல் நாள் வெப்பத்தில் இருவர் இறந்ததால் மீதி நாட்களின் நடையே நிறுத்தப்பட்டது. 2013 ஜூலையில் வேல்ஸின் பிரெக்கன் மலைகளில், சிறப்புப் படைத் தேர்வுக்கான 16 மைல் நடையில் மூவர் வெப்பத்தால் மடிந்தார்கள். நம் ஊர் வெயிலைப் பார்த்தவனுக்கு அதெல்லாம் வெயிலா என்று தோன்றும். சுமையோடு வேகமாக நடப்பவனின் உடம்பு தன் வெப்பத்தைத் தானே உண்டாக்குகிறது. வெளியே 30 பாகையாக இருந்தாலே போதும். வெப்பத்துக்கு உடம்பு பழக பத்துப் பதினான்கு நாள் ஆகும், குளிர்ந்த ஊரில் சில வாரம் இருந்தால் அந்தப் பழக்கம் போய்விடும். வெலிங்டனிலிருந்து பிறகு சமவெளியில் ஒரு பயிற்சிக்கு இறக்கினால், வேலூர்க்காரன் எனக்கு என்ன என்று மார்தட்டாதீர்கள்.

பக்கத்தில் நடப்பவன் உளறினால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், அவனுக்கு வெப்பத் தாக்கு, அதாவது ஹீட் ஸ்ட்ரோக். அவன் வியர்த்துக்கொண்டிருந்தாலும் சரி. நிழலில் படுக்கவைத்து, சீருடையைத் தளர்த்தி, கிடைத்த தண்ணீரையெல்லாம் உடம்பில் ஊற்ற வேண்டும். முடிந்தால் தொட்டியிலேயே இறக்க வேண்டும். முதலில் குளிர்வித்தல், பிறகுதான் வண்டி. அதற்காகத் தண்ணீரை அளவில்லாமல் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும். மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வேண்டாம். சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவரைப் பாருங்கள், தசை சிதைகிறது என்று பொருள். நடைக்கு முன்னால் வலி மாத்திரை போடும் வழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பு போடும் கூச்சலையும் அடக்கிவிடும்.

வலி என்று சொன்னால் அனுப்பிவிடுவார்களா என்று கேட்டீர்கள். இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. பொய்யாக நோய் காட்டுவது 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தின் 46ஆம் பிரிவின்படி குற்றம். அதை யாராவது முதல் வாரத்திலேயே காதில் போட்டுவிடுவார்கள். இருக்கிற வலியைச் சொல்வதை அந்தப் பிரிவு தொடாது. பயிற்சி வளாகத்தில் எம்.ஐ. ரூம் என்று ஒன்று இருக்கும், மருத்துவப் பரிசோதனை அறை. காலையில் அங்கே போய்ச் சொல்வதற்குச் சிக் ரிப்போர்ட் என்று பெயர். மருத்துவர் பார்த்துச் சில நாள் உடற்பயிற்சியிலிருந்து விலக்குத் தரலாம். முதல் வாரத்தில் சொன்ன ஷின் ஸ்பிளின்ட்டுக்குச் சில நாள் விலக்கு. மறைத்து வளர்த்த விரிசலுக்கு மாதக்கணக்கில் கட்டு, பிறகு பின்னால் வரும் அணியோடு சேர்ந்து மறுபடி முதலிலிருந்து. இரண்டில் எது நஷ்டம் என்று உங்கள் மாமாவிடமே கேளுங்கள்.

நான் ராணுவ மருத்துவப் பணியில் இருந்த காலத்தில் கவனித்த ஒன்று உண்டு. வீட்டில் குடைச்சல், கடுப்பு, எரிச்சல், பிடிப்பு, குத்தல் என்று வலியை வகைவகையாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த நம் பிள்ளைகள், எம்.ஐ. ரூமில் ‘தர்த் ஹை, ஸாப்’ (வலிக்கிறது, ஐயா) என்று ஒரே சொல்லோடு நின்றுவிடுவார்கள். மருத்துவர் எங்கே என்று கேட்டால் தொடையிலிருந்து பாதம்வரை கையால் தடவிக் காட்டுவார்கள். அணியில் உஸ்தாத் ‘டீக் ஹை?’ (எல்லாம் சரியா?) என்று கேட்டால் நொண்டிக்கொண்டே ‘டீக் ஹை’ என்பார்கள். மதராஸ் ரெஜிமென்ட் 1758இல் தொடங்கியது. ‘வீர மதராஸி, அடி கொல்லு, அடி கொல்லு’ என்ற போர்முழக்கம் உங்களுக்கு மொழிபெயர்க்காமலே புரியும். ஆனால் அன்றாடக் கட்டளை இந்தியில்தான். சாவ்தான், விஷ்ராம், தேஜ் சல், தௌட்கே சல், தம் என்பவை ஒரு வாரத்தில் காலுக்கே பழகிவிடும், அதற்காகக் கவலைப்பட வேண்டாம். எல்லையில் வளர்ந்ததால் தெலுங்கும் தெரிந்திருக்கும், பக்கத்துக் கட்டில்காரன் கடப்பாக்காரனாக இருந்தால் அரட்டைக்குக் குறைவிருக்காது.

நோயைச் சொல்வதற்கான இந்தியைத்தான் கிளம்பும் முன் கற்றுக்கொள்ள வேண்டும். ‘ஹட்டி மே தர்த் ஹை, ஏக் ஹி ஜகஹ்’: எலும்பில் வலி, ஒரே இடத்தில். சொல்லும்போதே ஒற்றை விரலை அந்த இடத்தில் வையுங்கள். ‘ராத் கோ பீ தர்த் ஹை’: இரவிலும் வலிக்கிறது. ‘தோ ஹஃப்தே ஸே’: இரண்டு வாரமாக. ‘சக்கர் ஆ ரஹா ஹை’: தலை சுற்றுகிறது. இந்த நான்கையும் மாமாவிடம் சொல்லிக்காட்டி உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளுங்கள். ரகடா கதைகளைவிட இதில் அவர் உங்களுக்கு அதிகம் உதவ முடியும். இப்போது எடுக்கும் எக்ஸ்ரே, மருத்துவர் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சேரும்போது கேட்டால் மறைக்காமல் காட்டுங்கள்.

இரண்டு சாக்ஸ் விஷயத்தில் நீங்கள் கேள்விப்பட்டது சரி. உள்ளே மெல்லியது ஒன்று, வெளியே கனமானது ஒன்று. உராய்வு தோலில் நடக்காமல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும், கொப்புளம் குறையும். ஈரமான சாக்ஸை ஓய்வு நேரத்தில் மாற்றுங்கள். மணிக்கு ஐம்பது நிமிட நடை, பத்து நிமிட ஓய்வு என்பது பல படைகளின் பழைய வழக்கம், அந்தப் பத்து நிமிடத்தில் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். குதிகாலில் சூடு தட்டும்போதே ஒட்டுப்பட்டை போட்டுவிட வேண்டும். கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள். ஷூ வாங்குவதாக இருந்தால் மாலையில் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் வீங்கியிருக்கும். அந்த இரண்டு சாக்ஸையும் கையோடு கொண்டுபோய், போட்டுக்கொண்டே அளவு பாருங்கள்.